நாய்க்கு இருந்த இடம்

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை நான் பதினோரு பேர். ஹெப்பாளில் ஒரு வார்ப்பட ஆலையின் தலைவர், ஒரு பல் மருத்துவர், இரண்டு மென்பொருள் மேலாளர்கள், ஒரு கல்லூரி முதல்வர், இன்னும் ஆறு பேர். லிங்க்ட்இன்னில் இவர்கள் பெயரில் வருவதையெல்லாம் எழுதுவது நான்தான். தோல்வியில் கற்ற பாடம், ஆட்டோக்காரரிடம் கற்ற பாடம், விமானம் தாமதமானபோது கற்ற பாடம் என்று இவர்கள் பத்தாயிரம் பேருக்குச் சொல்வதெல்லாம் என் வீட்டு மாடியறையில், பனியன் போட்டுக்கொண்டு கற்றவை.

என் அப்பா இஸ்ரவேல் சந்தேபேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பாத்திரக்கடைகள், எதிரிலும் பாத்திரக்கடை. எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு. அதனால் வாசலில் எதை வைப்பது என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. அப்பா நன்றாகத் துலக்கிய பெரிய பித்தளைக் குடம் ஒன்றை வைப்பார். அதை யாரும் வாங்கமாட்டார்கள். வந்தவர் கரண்டிதான் வாங்குவார். ஆனால் குடம் இல்லாத அன்றைக்குக் கரண்டியும் போகாது. நான் எழுதும் பதிவுகளில் முதல் இரண்டு வரிகள் அந்தக் குடம். அதற்குக் கீழே ‘மேலும்’ என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்திவிட்டால் ஆள் படியேறிவிட்டார் என்று அர்த்தம்.

எழுதுவது பாதி வேலை. மீதி, எல்லோருக்கும் முகம் கொடுப்பது. யாருக்குப் பதவி உயர்வு, யார் ஒரே நிறுவனத்தில் எத்தனை ஆண்டு முடித்தார் என்று அந்தத் தளமே காலையில் பட்டியல் தரும். வாழ்த்தவும் வாசகம் தயாராக வைத்திருக்கும், ஒருமுறை தொட்டால் போதும். நான் அதோடு விடுவதில்லை, சொந்தமாக ஒரு வரி சேர்ப்பேன். அதற்காகத்தான் இந்தப் பதினோரு பேரும் என்னை வைத்திருக்கிறார்கள், கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. வார்ப்பட ஆலைத் தலைவர் ஸ்ரீகரின் கணக்கில் நான்கு பேர் வாழ்த்துக்குக் காத்திருந்தார்கள். மூன்றாவது பெயர் வாமன். ஸ்ரீகரின் ஆலையில்தான் இன்ஜினியர், பத்து ஆண்டு நிறைவு. ‘பத்து வருடம்! அடுத்த பத்துக்கும் இதே வேகம் வேண்டும், வாமன்’ என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிட்டு, நான் பல் மருத்துவராக மாறிப்போனேன்.

பதினொரு மணிக்கு வாமனிடமிருந்து பதில் வந்தது.

‘நன்றி ஸார். நான் இன்னும் வேலையில் இருக்கிறேனா?’

வேலையை விட்டுப் போன யாரோ குத்திப் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். சமாதானமாக ஏதாவது எழுதலாம் என்று விரலை வைத்தபோதே அடுத்த செய்தி வந்துவிட்டது. ‘நான் ஹரிதா, வாமனின் மனைவி. அவருடைய கணக்கிலிருந்து எழுதுகிறேன். பதிமூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.’

அந்தக் கடிதத்தைத் தேடினேன். அது என் கணினியிலேயே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், ஆகஸ்டில், நான் எழுதிக்கொடுத்த இரங்கல் கடிதம். ஸ்ரீகர் குரல் பதிவில் நாலு விஷயம் சொல்லியிருந்தார். காலையில் ஆலைக்குக் கிளம்பும்போது ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. நான் அதைக் கேட்டு அரைமணி நேரத்தில் முக்கால் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘பேசத் தொடங்கும் முன் வாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தவர்கள் யாரும் ஏமாந்ததில்லை’ என்று ஒரு வரி. நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

பதினோரு பேரின் உறவு, நட்பு, அலுவலகம் எல்லாம் என் தலை வழியாகப் போய்வருகின்றன. எந்தப் பெயரும் தங்குவதில்லை. ஒருவர் சாவுக்கு எழுதிய கையாலேயே அதே மனிதருக்கு, அடுத்த பத்து வருடமும் இதே வேகத்தில் வா என்று அனுப்பிவிட்டேன்.

ஸ்ரீகரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரைப் படியிறங்க விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஸ்ரீகராகவே பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். கையறியாமல் நடந்துவிட்டது என்றேன். அது ஓரளவு உண்மைதான், கைதான் வேறு. என்னால் ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்று முடித்தேன். இதுவும் கடைப்பழக்கம். இதைக் கேட்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், ஒன்றும் வேண்டாம் என்பார்கள்.

ஹரிதா ஒன்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வாமனின் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்ற விண்ணப்பம் போடப்போவதாகவும், இறப்புச் சான்றிதழ் எல்லாம் தயார் என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும். ‘இப்போது அதில் அவர் செய்தது எதுவும் இல்லை. உங்கள் நாய்ப் பதிவுக்கு அவர் கைதட்டியது ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். அதை நீங்களே எழுதுங்கள். அவர் பெயரைச் சேர்த்து, தனிப் பதிவாக. வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.’

‘வெள்ளிக்கிழமைக்குள் வரும்’ என்று எழுதினேன். எழுதின பிறகுதான் யார் சார்பில் எழுதினேன் என்று யோசித்தேன்.

நாய்ப் பதிவு என்றால் எனக்கு உடனே தெரியும். அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் ஸ்ரீகருக்காக எழுதியது. என் கையிலிருந்து போனவற்றில் அதைவிட அதிகம் ஓடியது வேறில்லை. பத்தொன்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். ‘எங்கள் ஆலையின் மிகச் சிறந்த தர ஆய்வாளருக்கு நான்கு கால்கள்’ என்று தொடங்கும். ஆலையில் வார்த்தெடுக்கும் உருப்படிகள் மாலை ஷிப்டில் மட்டும் குழிகுழியாக விழுந்து கழிவாகின்றன. காரணம் யாருக்கும் தெரியவில்லை. தலைவர் ஸ்ரீகர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு மணல் ஷெட்டில் போய் மூன்று நாள் உட்காருகிறார். மூன்றாம் நாள் ஒரு தெருநாய் அவருக்கு விடை சொல்கிறது. வெயில் ஏறியதும் அது மணல்மேட்டின் ஒரே மூலைக்குப் போய்ப் படுக்கிறது, ஏனென்றால் அங்கே அடிமணல் ஈரம். ஈரமணலில் வார்த்தால் குழி விழும். அவ்வளவுதான் கதை. அந்தப் பதிவால்தான் ஸ்ரீகரை பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் பேச அழைத்திருந்தார்கள். அதுவும் அந்த வாரச் சனிக்கிழமையே. தலைப்பு: ‘நாய் கற்றுக்கொடுத்த தரம்.’

இன்னொருவர் உழைப்பை ஸ்ரீகர் தன்னுடையதாகச் சொல்லி, என்னை எழுதவைத்திருக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே அவருடைய பழைய குரல் பதிவைத் தேடி எடுத்தேன். ஒன்றரை நிமிடம். கேட்டேன்.

அதில் வாமன் இருந்தார். பெயரோடு, கண்ணாடியோடு, ஸ்டூலோடு இருந்தார். ஸ்ரீகர் ஒன்றையும் மறைக்கவில்லை. எடுத்தது நான்.

ஏன் எடுத்தேன் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பதிவில் ஒருவர்தான் நிற்கலாம், இரண்டு பேர் நின்றால் படிக்கிறவர் கண் அலைபாயும் என்பது என் தொழில் விதி. யார் பெயரில் பதிவு வருகிறதோ அவர்தான் நிற்கவேண்டும். ஆகவே வாமனை எழுப்பிவிட்டு அதே ஸ்டூலில் ஸ்ரீகரை உட்காரவைத்தேன். நாயை மட்டும் தொடவில்லை. நாய்க்கு எப்போதும் கூட்டம் வரும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஹெப்பாளில் ஸ்ரீகர் முன்னால் உட்கார்ந்தேன். ஐம்பது வயது, மேல்கோட்டைப் பக்கத்து ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கீற்று, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மணல் ஷெட்டின் தகரக்கூரை தெரியும். வாழ்த்து அனுப்பியதிலிருந்து வாக்குக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பத்து வருஷ வாழ்த்தா அனுப்பின?” என்றார்.

“ஆமா ஸார்.”

“என் பேர்ல.”

“உங்க பேர்லதான்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நாய்ப் பதிவைப் பற்றி அவராகவே பேசினார். “நான் சொன்னப்போ வாமன் இருந்தான். நீ எழுதி அனுப்பினப்போ இல்லை. எனக்குத் தெரியாம இல்லை ஜோஷுவா. யோசிச்சுட்டுத்தான் சரின்னு போட்டேன்.”

“அனுப்பின ரெண்டாவது நிமிஷம் உங்க பதில் வந்துது ஸார்.”

“அவ்வளவுதான் யோசிச்சேன்” என்றார்.

அதற்குப் பிறகு பேரம் தொடங்கியது. எனக்குப் பழக்கமான இடம், ஆனால் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பக்கம்தான் பழக்கமில்லாதது. வாமனின் படத்தோடு ஒரு நினைவஞ்சலி போடலாம், ‘அருமையான சக ஊழியர்’ என்று, நீயே உருக்கமாக எழுது என்றார். ஹரிதா அனுதாபம் கேட்கவில்லை என்றேன். சரி, பழைய பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம், ‘இதில் வாமனின் பங்கும் உண்டு’ என்று. ஆயிரத்து நானூறு பின்னூட்டங்களுக்கு அடியில் அதை யார் பார்ப்பார்கள் என்றேன். அவனே அதுக்குக் கைதட்டினானே, வருத்தம் இருந்தால் தட்டியிருப்பானா என்று கேட்டார். தலைவர் போட்ட பதிவுக்குக் கீழே இருக்கிறவன் வேறு என்ன செய்வான் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. நான் கேட்காமலே அது அவருக்குக் கேட்டிருக்கும். ஏனென்றால் உடனே மூன்றாவதுக்குப் போய்விட்டார்.

“சனிக்கிழமை போகட்டும். திங்கட்கிழமை நானே போடறேன். சரியா?”

பேரத்தில் எதிராளி கடைசியாகச் சொல்வதுதான் அவர் உண்மையாகவே நிற்கும் இடம். ஸ்ரீகர் சனிக்கிழமையில் நின்றார். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டால், மறுநாள் மேடையில் ஏறி, உட்காராத ஸ்டூலைப் பற்றி எப்படிப் பேசுவது? ஹரிதாவிடம் போய் நாலு நாள் தள்ளிவைக்கச் சொல்லிப் பார் என்றார். நீங்களே பேசினால் நல்லது என்றேன். “என்னால முடியாது மாராயா” என்று பாதிக் கன்னடத்தில், கெஞ்சுவதுபோல், மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு விஜயநகரில் ஹரிதாவின் வீடு. பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், அப்போதுதான் திரும்பியிருந்தார். வாசலில் ஒரு ஸ்கூட்டர் உறை போட்டு நின்றது. ஸ்ரீகர் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். ஒரு கேள்வி கேட்டால் முழுப் பதிலும் வரும்வரை நம் முகத்தையே பார்க்கிறவர்.

காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். திங்கட்கிழமை உங்களோடு பேசியது ஸ்ரீகர் இல்லை, நான்.

“ஹாகாதரே நீங்க யாரு?” என்றார், ‘அப்படியானால்’ என்பதைக் கன்னடத்தில் தொடங்கி.

“ஸாருக்காக எழுதறவன், மேடம்.”

“எதை எழுதுவேள்?”

“அவர் பேர்ல வர எல்லாத்தையும்.”

எழுந்து உள்ளே போனார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நானும் எழுந்து நின்றேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே அந்த இரங்கல் கடிதம், அச்செடுத்து இரண்டாக மடித்தது.

“இதுவுமா?”

“இதுவும்தான்.”

நான் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் நான் எழுதியது போலத்தான் இருந்திருக்கும்.

“கண்ணாடியைத் தொடைக்கறதும் நீங்க சேர்த்ததா?”

“இல்லை மேடம். அது ஸார் சொன்னது. எனக்கு வாமனைத் தெரியாது, நான் பார்த்ததே இல்லை.”

“பதிமூணாம் நாள் வந்தவர்?”

“அவர்தான் வந்தார்.”

“சரி” என்று கடிதத்தை உறைக்குள் திருப்பி வைத்தார். அதில் அந்த ஒரு வரியை மட்டும் மீட்டுக்கொண்டு மற்றதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

ஸ்ரீகர் சொன்ன மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். சனிக்கிழமை மாநாடு இருப்பதையும் சொன்னேன். கடையில் இதைச் செய்யமாட்டோம். எதிராளியின் அவசரத்தை அடுத்தவரிடம் காட்டிக்கொடுப்பது தொழிலுக்கு ஆகாது. பிறகு, வாமனைப் பதிவிலிருந்து எடுத்தது ஸ்ரீகர் இல்லை, நான் என்றும் சொன்னேன். ஏன் எடுத்தேன் என்றும் சொன்னேன். அந்த வீட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சத்தில், என் தொழில் விதி கேட்கச் சகிக்காமல் இருந்தது.

“நாய்க்கு எடம் இருந்தது, அல்வா?” என்று ‘இல்லையா’வைக் கன்னடத்தில் கேட்டார் ஹரிதா. குரல் உயரவில்லை. வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கை, எந்த வரியில் தப்பு என்று காட்டுவதுபோல் சொன்னார்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து, இதில் ஸ்ரீகர் ஸார் என்னிடம் சொன்னது அப்படியே இருக்கிறது, கேட்கிறீர்களா என்றேன். தலையசைத்தார். போனை மேஜையில் வைத்தேன்.

“ஜோஷுவா, ஒரு விஷயம் ஞாபகம் வந்துது, உனக்கு உபயோகப்படுமா பாரு. செகண்ட் ஷிப்ட்ல மட்டும் காஸ்டிங் குழிகுழியா வந்துண்டிருந்துது. லேப்ல கேட்டா மணல் சரியா இருக்குங்கறான். எல்லாரும் ஃபர்னஸ்காராளைத் திட்டிண்டிருந்தோம், நானுந்தான். நம்ம வாமன் இல்லையா, அவன் ஒரு ஸ்டூலைத் தூக்கிண்டு மணல் ஷெட்ல போய் உக்காந்துட்டான். மூணு நாள். என்னடா, உனக்கு வேற வேலையே இல்லையான்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுண்டு, ஸார், அந்த நாயைப் பாருங்கோங்கறான். மத்தியானம் ஆனா அதே மூலைக்குத்தான் போறது. தோண்டிப் பாத்தா அடியில ஈரம். கேண்டீன் தண்ணி சுவத்துக்கு அடியால கசிஞ்சு வரது. நாம மணலை மேலாப்புல எடுத்து, காலங்காத்தால டெஸ்ட் பண்றோம், எங்கேர்ந்து தெரியும்? எனக்கு வெக்கமாப் போயிடுத்து. நான் போய் உக்காந்திருந்தா நாயை வெரட்டியிருப்பேன். சூப்பர் இல்லையா? ஏதாவது பண்ணு.”

ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார். இரண்டாம் முறை, கண்ணாடி வந்த இடத்தில் கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். தெருவில் கீரைக்காரியின் குரல் வந்து, வாசலில் நின்று, பதில் வராமல் தாண்டிப் போயிற்று.

“அந்த மூணு நாளும் சட்டை, பேண்ட் எல்லாம் மணல்” என்றார் ஹரிதா. “வாஷிங் மெஷின் அடைச்சுண்டுது. ஆபீஸ்ல மணலா அள்றேள்னு கத்தினேன். அவர் சிரிச்சார். என்ன பண்றேள்னு நான் கேக்கலை. நாய்ப் பதிவு வந்தப்புறம்தான், அந்த மணல் இதுதான்னு காட்டினார். அப்பவும் கோவம் எனக்குத்தான் வந்துது. அவர் கைதட்டிட்டு சாப்பிட உக்காந்தார்.”

நான் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

“இதைப் போடச் சொல்லுங்கோ” என்று போனைக் காட்டினார். “இதை அப்படியே அவர் எழுதட்டும். நீங்க ஒரு எழுத்துகூடத் தொடக்கூடாது.”

“நான் தொடலைன்னா அது ஓடாது மேடம். யாரும் படிக்கமாட்டாங்க.”

“ஓடணும்னு நான் கேட்டேனா?”

நாள் தள்ளிப்போடுவதைப் பற்றி நான் பேச்செடுக்கவேயில்லை. வாசல்வரை வந்து அவரே சொன்னார். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய்விடும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டது போதும், மறுபடியும் ஒரு திங்கட்கிழமை யாராவது வாழ்த்துச் சொல்ல அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வியாழக்கிழமை காலை ஸ்ரீகரின் அறையில் பேரமே நடக்கவில்லை. போனை மேஜையில் வைத்து அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். ‘நான் போய் உக்காந்திருந்தா நாயை வெரட்டியிருப்பேன்’ என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். தான் அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. பதிமூன்று மாதமாக என் பதிவைத்தான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிச்சொல்லி, மூன்று நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த முதுகுவலிகூட அவருக்கு வந்திருக்கும்.

வாஷிங் மெஷினில் மணல் அடைத்துக்கொண்டதைச் சொன்னேன். ஐந்து மணிக் கெடுவையும் சொன்னேன்.

“அழைப்பிதழ்ல நாய் படம்லாம் போட்டு அடிச்சுட்டா” என்றார். கொஞ்சம் கழித்து, “நான் எழுதினா நன்னா இருக்காது.”

“இருக்காது ஸார்.”

“நீ ஒருதடவை பாத்துக் குடுப்பியா?”

“தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

பேனா மூன்றையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஒலிப்பதிவைத் தனக்கு அனுப்பிவிட்டு என்னைப் போகச் சொன்னார். போடுகிறேன் என்றோ போடமாட்டேன் என்றோ சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் எந்த விலைக்கு இறங்குவார் என்று எனக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து என் சொந்தக் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் நான் ஒரு பதிவும் போட்டதில்லை. மதியம் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றே முக்காலுக்கு வந்தது.

‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கியது, ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி. ‘சென்ற ஆண்டு மார்ச் மாதம் என் கணக்கில் வந்த நாய் குறித்த பதிவில் ஒரு திருத்தம்’ என்று அடுத்த வரி. வாசலில் குடம் இல்லை. பித்தளை என்று சொல்ல ஒரு டம்ளர்கூட இல்லை. பத்தி பிரிக்காமல் ஒரே மூச்சில் போயிற்று. வாமனின் பெயர், அதைத் தொட்டால் அவர் பக்கத்துக்குப் போகும்படி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பதவியும் பிரிவும். மூன்று நாள், ஸ்டூல், நாய், அடியில் ஈரம், கேண்டீன் தண்ணீர். எல்லாம் குரலில் இருந்த அதே வரிசையில் இருந்தன. ‘ஃபர்னஸ் ஊழியர்களைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் நாயை விரட்டியிருப்பேன்.’ கடைசியில்: ‘முந்தைய பதிவை நான் படித்துத்தான் அனுமதித்தேன். அது சரியல்ல. வாமன் ஆகஸ்டில் காலமானார். அவர் இருக்கும்போதே இதை எழுதியிருக்க வேண்டும்.’

விரல் ஊறியது. கடைசி வரியைத் தூக்கி முதலில் வைத்தால் போதும், ஊரே படிக்கும். இரண்டே தொடுதல். பழக்கம் விடாமல், ஸ்ரீகரின் கணக்குக்குள் போகக் கடவுச்சொல்லைப் போட்டேன். உள்ளே விடவில்லை. மாற்றியிருந்தார்.

ஐந்து மணிக்குள் கைதட்டியவர்கள் முப்பத்தெட்டு பேர். பழைய பதிவின் பத்தொன்பதாயிரம் அப்படியே இருந்தது. பின்னூட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, மணல் ஷெட்டில் வேலை செய்கிற லிங்கப்பன் கன்னடத்தில் எழுதியது. வாமன் ஸார் உட்கார்ந்த ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஒரு கால் உடைந்துவிட்டது, கம்பி கட்டி வைத்திருக்கிறோம் என்று.

வாமனின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாய்ப் பதிவுக்குக் கைதட்டியது கீழே போயிருந்தது. அதற்கு மேலே, அவர் பெயர் சொன்ன புதுப் பதிவுக்கு அவர் கணக்கிலிருந்தே ஒரு சொல்: ‘பார்த்தேன்.’ ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது எழுதியது. முப்பத்தொன்பதாவதாக என் பெயரில் கைதட்டிவிட்டுக் கணினியை மூடினேன்.

சனிக்கிழமை மாநாட்டுப் படங்களை அவர்களே போட்டார்கள். ஒன்றில் ஸ்ரீகர் மேடையில் நிற்கிறார். பின்னால் திரையில் அதே தலைப்பு, அதே நாய். வாய் திறந்திருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று படத்தில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எனக்குக் குரல் பதிவு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மாடியறையில் உட்கார்ந்தபோது நான் பத்துப் பேர். வாழ்த்துப் பட்டியலில் பதினேழு பெயர்கள் இருந்தன. முதல் பெயரைத் தொட்டு, அவர் பக்கத்துக்குப் போய், சமீபத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாரா, யாராவது அவரைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கீழேவரை படித்தேன். பிறகு இரண்டாவது பெயர். அன்றைக்கு எல்லோரையும் வாழ்த்தி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது.